கெண்டியின் வளைவு: ஒரு தேநீர்க் கெண்டியை முக்கோணங்களால் வரைந்து பார்த்த பதிவு

முப்பரிமாண மென்பொருள்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு கோளத்தைத் திரையில் போட்டால் முதலில் பட்டை தீட்டிய கல் மாதிரி தெரியும். 'ஸ்மூத் ஷேடிங்' என்ற பொத்தானை அழுத்தினால் பட்டைகள் மறைந்து வழவழவென்று ஆகிவிடும். கோளத்தில் ஒரு முக்கோணம்கூடக் கூடியிருக்காது. அப்படியானால் மாறியது என்ன? இந்தக் கேள்வி ரொம்ப நாளாக உள்ளே இருந்தது. போன மாதம் நான்கு வார இறுதிகளை இதற்கென்றே ஒதுக்கினேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, எந்த நூலகமும் இல்லை. வெறும் சி மொழி. வளைந்த பரப்பு ஒன்றை முதல் பிக்சலிலிருந்து கடைசிப் பிக்சல் வரை நானே கணக்குப் போட்டு வரைவது என்று முடிவு.

படத்தைச் சேமிக்க பிபிஎம் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். அகலம், உயரம், அதிகபட்ச மதிப்பு ஆகியவற்றைச் சொல்லும் சின்னத் தலைப்பு. அதன் பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்று பைட்டுகள் வரிசையாக. எழுதுவதற்குப் பத்து வரி நிரல் போதும். இப்படி ஒரு வேலையை ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட எளிதான வழி கிடையாது.

எதை வரைவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யூட்டா தேநீர்க் கெண்டிதான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்ட்டின் நியூவெல், 1975-இல் வரைந்து பார்க்க ஒரு நல்ல பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி சாண்ட்ரா வீட்டிலிருந்த தேநீர்க் கெண்டியைக் காட்டினார். சால்ட் லேக் சிட்டியில் ஒரு பல்பொருள் அங்காடியில் வாங்கிய மெலிட்டா கெண்டி அது. நியூவெல் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் அதன் வெளிக்கோட்டை வரைந்து, அதிலிருந்து எண்களை எடுத்தார். அந்தக் கெண்டி இப்போது கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்கள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

ஒரு கெண்டியில் எல்லாம் இருக்கிறது என்பதுதான் இதன் அழகு. வயிறு வெளியே புடைக்கிறது, மூக்கும் வயிறும் சேரும் இடம் உள்ளே வளைகிறது, கைப்பிடிக்கு நடுவில் ஓட்டை, மூடியில் குமிழ், ஒரு பாகத்தின் நிழல் இன்னொன்றின் மேல் விழ இடம். கோளத்தை வரைந்து முடித்தவருக்கு இதில் பாதிப் பிரச்சினைகள் கண்ணிலேயே பட்டிருக்காது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

கெண்டியின் தரவில் முக்கோணங்களே கிடையாது. 32 துண்டுகள் இருக்கின்றன; ஒவ்வொரு துண்டுக்கும் நாலுக்கு நாலாக 16 கட்டுப்பாட்டுப் புள்ளிகள். இவை பெசியே துண்டுகள். ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே, காரின் தகட்டு வளைவுகளைக் கணினியில் வடிக்கப் பயன்படுத்திய முறை. அவருக்கு முன்பே 1959-இல் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ இதே வளைவுகளைக் கண்டுபிடித்திருந்தார். அந்த நிறுவனம் அதை வெளியே விடாததால் பெயர் பெசியேவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வளைகோட்டுக்கு நான்கு புள்ளிகள். டி என்ற எண் 0-விலிருந்து 1 வரை நகரும்போது நான்கு புள்ளிகளும் நான்கு எடைகளோடு கலக்கப்படுகின்றன. டி பாதியில் இருக்கும்போது எடைகள் எட்டில் ஒன்று, எட்டில் மூன்று, எட்டில் மூன்று, எட்டில் ஒன்று. வளைகோடு முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும்தான் தொடும். நடுவில் இருக்கும் இரண்டும் தூரத்தில் நின்றபடியே கோட்டைத் தம் பக்கம் இழுக்கின்றன. பரப்பு என்று வரும்போது இதையே யு, வி என்று இரண்டு திசைகளில் செய்கிறோம். முதலில் நான்கு வரிசைகளிலும் யு-வை வைத்து நான்கு புள்ளிகள். அந்த நான்கையும் வி-யை வைத்து ஒரே புள்ளி. இவ்வளவுதான். நிரலில் இருபது வரிகூட வராது.

நான் எடுத்த தரவு சுருக்கமானது. 32 துண்டுகளில் 10 மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும். மீதியைக் கண்ணாடிப் பிம்பமாக நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வாய் விளிம்பு, வயிறு, மூடி, அடி ஆகியவற்றின் 6 துண்டுகள் கால் வட்டத்துக்கு மட்டும் இருக்கும். நான்கால் பெருக்கினால் 24. கைப்பிடிக்கு 2, மூக்குக்கு 2. இடம் வலமாக இரட்டித்தால் 8. மொத்தம் 32. நியூவெல்லின் மூலத் தரவில் அடிப்பாகம் இல்லை, 28 துண்டுகள்தான். அடி பிற்பாடு சேர்க்கப்பட்டது.

முதல் சனிக்கிழமை இரவே படம் வந்துவிட்டது. ஒவ்வொரு துண்டையும் நாலுக்கு நாலு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முக்கோணமாக வெட்டினேன். மொத்தம் 1024 முக்கோணங்கள். எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிக்க இசட் பஃபர்: ஒவ்வொரு பிக்சலுக்கும் இதுவரை வரைந்ததில் மிக அருகில் இருப்பதன் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்வது. 1200-க்கு 900 படத்துக்கு 43 லட்சம் பைட்டு. எட்வின் கேட்மல் 1974-இல் யூட்டாவில் எழுதிய ஆய்வேட்டில் இதைச் சொன்னபோது அவ்வளவு நினைவகம் பெரிய ஆடம்பரமாக இருந்திருக்கும். கெண்டிக்கு இது மிகவும் பொருத்தம். கைப்பிடியின் நுனி வயிற்றின் மேல் சரியாக ஒட்டுவதில்லை, சற்றே உள்ளே புகுந்து நிற்கிறது. கைப்பிடி தொடங்கும் உயரத்தில் வயிற்றின் ஆரம் ஏறக்குறைய 1.68, கைப்பிடியோ 1.6-இலேயே தொடங்கிவிடுகிறது. வெட்டிச் சேர்க்க எந்தக் கணக்கும் தேவையில்லை, இசட் பஃபரே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் படத்தில் கெண்டியின் கால்வாசிகளில் இரண்டு கன்னங்கரேலென்று இருந்தன. காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் பிம்பம் எடுத்தால் இடது கை வலது கையாகிறது. அதேபோல் ஒருமுறை பிரதிபலித்த துண்டில் யு-வும் வி-யும் சுழலும் திசை மாறிவிடுகிறது; பரப்பிலிருந்து வெளியே நீட்ட வேண்டிய நார்மல் (பரப்புக்குச் செங்குத்தான திசை) உள்ளே பார்க்கிறது. இரண்டு முறை பிரதிபலித்தால் பழையபடி சரியாகிவிடும். அதனால்தான் நான்கில் இரண்டு மட்டும் இருண்டன.

இங்கே ஒரு தவறான குறுக்கு வழியை எடுத்தேன். நார்மல் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தால் அதைத் திருப்பிவிடு என்று ஒரு வரி எழுதினேன். கருப்பு போய்விட்டது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கெண்டியின் ஓரம் நெடுக வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஓரத்தில் நார்மல் ஏறக்குறைய பார்வைக்குக் குறுக்காக நிற்கும். அங்கே அது இம்மியளவு அந்தப் பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு. அதைப் பிடித்துத் திருப்பினால் வெளிச்சம் தப்பான பக்கம் விழும். அந்த வரியை நீக்கிவிட்டு, ஒற்றைப் பிரதிபலிப்புத் துண்டுகளில் புள்ளிகளின் வரிசையைத் தலைகீழாக்கினேன். அதுதான் சரியான தீர்வு. மூடியின் ஓரம் 1.3 ஆரத்தில் முடிகிறது, வாய் 1.4-இல் தொடங்குகிறது, அந்த இடுக்கு வழியாக உள்சுவர் தெரியும். அதற்காக மட்டும், முக்கோணம் திரையில் எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்று பார்த்து, முக்கோணம் முழுவதற்கும் ஒரே முடிவாக நார்மலைத் திருப்புகிறேன்.

நார்மல் என்ற வார்த்தையை இத்தனை முறை சொல்லிவிட்டேன்; இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பரப்பில் ஒரு இடத்தில் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டால் அது காட்டும் திசைதான் நார்மல். அந்தக் குச்சிக்கும் விளக்கு இருக்கும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்புதான் அந்த இடத்தின் வெளிச்சம். மேடு பள்ளம் என்று கண் வாசிப்பதெல்லாம் இந்த வெளிச்சம் மாறும் விதத்தைத்தான்.

முதல் படத்தில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரே நார்மல். அதனால் பட்டை பட்டையாக இருந்தது. ஒன்றைக் கவனித்தேன். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களின் நிற வித்தியாசம் எண்ணில் மிகச் சின்னது. ஆனாலும் எல்லைக்கோடு பளிச்சென்று தெரிந்தது, அந்தக் கோட்டருகே வெளிச்சமான பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் இருண்ட பக்கம் இன்னும் இருட்டாகவும். பிக்சல் மதிப்புகளை எடுத்துப் பார்த்தேன், அப்படி ஏதும் இல்லை. அது கண் செய்யும் வேலை. எர்ன்ஸ்ட் மாக் 1865-இலேயே விவரித்தது. மாக் பட்டைகள் என்று பெயர். முக்கோணங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் பட்டைகள் சீக்கிரம் மறையாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

1971-இல் ஆன்ரி குரோ இதே யூட்டாவில் ஒரு வழி சொன்னார். முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் தனித்தனியாக வெளிச்சத்தைக் கணக்கிடு. நடுவில் உள்ள பிக்சல்களுக்கு அதைப் படிப்படியாகக் கலந்துகொள். அவர் தம் மனைவி சில்வியின் முகத்தில் கோடுகள் வரைந்து அளவெடுத்து, அந்த முகத்தைத்தான் வரைந்து காட்டினார். மூலையில் நார்மல் என்ன என்பது கேள்வி. சுற்றியுள்ள முக்கோணங்களின் நார்மல்களைச் சராசரி எடுப்பதுதான் பெரும்பாலும் சொல்லித் தரப்படும் வழி. நானும் அப்படித்தான் செய்தேன். துண்டுகளுக்குள் எல்லாம் வழவழப்பாக வந்தது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் மட்டும் தையல் போட்ட மாதிரி கோடு. எல்லையில் இருக்கும் மூலைக்குத் தன் துண்டின் முக்கோணங்கள் மட்டும்தான் தெரியும், அடுத்த துண்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இரண்டு பக்கமும் இரண்டு வேறு சராசரி.

பக்கத்துத் துண்டைத் தேடிப் பிடித்துச் சேர்க்கலாம் என்று நிரல் எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்தினேன். முக்கோணங்களை ஏன் கேட்க வேண்டும்? அவை நான் வெட்டியவை. உண்மையான பரப்பு 16 புள்ளிகளில் இருக்கிறது, அதையே கேட்டுவிடலாமே. யு திசையில் பகுதி வகைக்கெழு எடுத்தால் அந்தத் திசையில் பரப்பைத் தொட்டுச் செல்லும் ஒரு வெக்டர் கிடைக்கும். வி திசையில் இன்னொன்று. இரண்டையும் வெக்டர் பெருக்கல் செய்தால் இரண்டுக்கும் செங்குத்தாக ஒன்று. அதுதான் நார்மல், தோராயம் இல்லாமல். வகைக்கெழுவும் கடினமில்லை: அடுத்தடுத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் வித்தியாசங்களை எடுத்து, இருபடி எடைகளால் கலந்து, மூன்றால் பெருக்க வேண்டும்.

தையல்கள் ஒரே அடியில் மறைந்தன. ஏன் மறைந்தன என்று எண்களைப் பார்த்தபோதுதான் நியூவெல் மேல் பெரிய மரியாதை வந்தது. வாய் விளிம்பின் கடைசி இரண்டு புள்ளிகள், ஆரமும் உயரமுமாகச் சொன்னால், 1.4375, 2.53125 என்பதும் 1.5, 2.4 என்பதும். ஆரம் 0.0625 கூடுகிறது, உயரம் 0.13125 இறங்குகிறது. அங்கிருந்து வயிற்றின் அடுத்த புள்ளி 1.75, 1.875. ஆரம் 0.25 கூடுகிறது, உயரம் 0.525 இறங்குகிறது. இரண்டுமே மிகச்சரியாக நான்கு மடங்கு! திசை ஒன்றேதான், நீளம் மட்டும் வேறு. நார்மலுக்குத் திசை போதும், நீளம் வேண்டியதில்லை. வயிற்றின் நடுவில் மேல் துண்டும் கீழ்த் துண்டும் சேரும் இடத்தில் உயரங்கள் 1.35, 0.9, 0.45 என்று சம இடைவெளியில் இறங்குகின்றன, ஆரம் 2-லேயே நிற்கிறது. அங்கே நீளமும் ஒன்றாகிவிடுகிறது. தாளில் பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு மூட்டையும் இப்படி யோசித்து வைத்திருக்கிறார்.

மகிழ்ச்சியோடு மறுபடி ஓட்டினால், மூடிக் குமிழின் உச்சியில் முக்கோண வடிவில் சின்னச் சின்னக் கருப்பு ஓட்டைகள். அடியைத் திருப்பிப் பார்த்தால் அதன் நடுவிலும் அதே. நார்மலை அச்சிட்டுப் பார்த்தேன்: மூன்று கூறுகளிலும் 'நேன்', அதாவது எண்ணே இல்லை என்று கணினி சொல்லும் மதிப்பு. குமிழின் உச்சியில் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு முழு வரிசையும் 0, 0, 3.15 என்ற ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. நான்கு ஓரம் கொண்ட துண்டை ஒரு முனையில் கிள்ளி மூன்று ஓரமாக்கியிருக்கிறார்கள். வட்டமான உச்சியை மூட அதுதான் வழி. அந்த ஓரத்தில் யு எவ்வளவு நகர்ந்தாலும் புள்ளி நகராது. வகைக்கெழு பூச்சியம். பூச்சியத்தோடு எதைப் பெருக்கினாலும் பூச்சியம். அதை அலகு நீளத்துக்கு, அதாவது நீளம் 1-க்கு, கொண்டுவர நீளத்தால் வகுத்தால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கிறோம்.

வி-யைக் கொஞ்சம் தள்ளி, 0.001-இல் கணக்கிடு என்பது பலரும் செய்யும் ஒட்டு வேலை. ஓரளவு ஓடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, உச்சியின் நார்மல் சரியாக மேல் நோக்கித்தான் இருக்க வேண்டும் என்று கண்ணுக்கே தெரிகிறதே. குவிந்த முனையிலிருந்து பரப்பு விசிறி போல விரிகிறது. விசிறியின் ஒரு ஓரக் குச்சி ஒரு தொடுவெக்டர், மறு ஓரக் குச்சி இன்னொன்று. ஆக, யு 0-வாக இருக்கும்போது வி திசை வகைக்கெழு, யு 1-ஆக இருக்கும்போது வி திசை வகைக்கெழு. இந்த இரண்டையும் வெக்டர் பெருக்கல் செய்தால் போதும். குமிழின் அடுத்த வரிசைப் புள்ளிகளும் 3.15 உயரத்திலேயே இருப்பதால் இரண்டு குச்சிகளும் படுக்கையாக இருக்கின்றன. பெருக்கினால் நேர் மேலே. ஓட்டைகள் அடைந்தன.

இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டியூப்லைட்டின் பிரதிபலிப்பு சொம்பின் வயிற்றில் ஒரு கோடாக நிற்கிறது. சொம்பைச் சுழற்றினாலும் அது அதே இடத்தில். தலையை அசைத்தால் கூடவே வழுக்கிக்கொண்டு வருகிறது. கழுத்துப் பக்கம் வளைவு மாறும் இடத்தில் நெளிந்து மெலிகிறது. என் கெண்டியின் ஹைலைட்டோ, அதாவது விளக்கு பட்டுப் பளிச்சிடும் இடமோ, முக்கோணத்தின் மூலைக்கு வரும்போது பளிச்சிட்டு, நடுவுக்குப் போனால் மங்கியது. குரோ முறையில் வெளிச்சம் மூலைகளில் மட்டுமே கணக்கிடப்படுவதால், ஹைலைட் முக்கோணத்தின் நடுவில் விழுந்தால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

இதற்குத் தீர்வும் யூட்டாவிலிருந்துதான். வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங் 1973-இல் தம் ஆய்வேட்டில் சொன்னது: மூலைகளுக்கிடையே வெளிச்சத்தைக் கலக்காதே, நார்மலைக் கலந்துகொள்; வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலிலும் புதிதாகக் கணக்கிடு. மாற்றி எழுதினேன். ஹைலைட் நடுவிலும் வந்தது. ஆனால் துடிப்பு போகவில்லை, இன்னும் நடுவில் மங்கல்தான். கலந்த நார்மலை மறுபடி அலகு நீளத்துக்குக் கொண்டுவர மறந்திருந்தேன். இது அற்ப விஷயமாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் வட்டத்தை நான்காகப் பிரித்தால் அடுத்தடுத்த நார்மல்களுக்கு இடையே 22.5 பாகை. இரண்டு அலகு வெக்டர்களின் நடுப்புள்ளியின் நீளம் அந்தக் கோணத்தில் பாதியின் கொசைன், அதாவது 0.98. இரண்டு சதவீதக் குறைதான். பளபளப்புக்காக அந்த மதிப்பை 60-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறோம், 0.98 அங்கே 0.31 ஆகிவிடுகிறது. ஹைலைட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. ஒரு வர்க்கமூலமும் ஒரு வகுத்தலும் சேர்த்ததும் சொம்பில் பார்த்த அதே கோடு என் கெண்டியின் வயிற்றில் வந்து நின்றது. அன்றைக்கு இரவு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் மாறுவது நார்மல் மட்டும்தான், வடிவம் மாறவில்லை. சரி, அது பொய்யா? இல்லை, ஒரு பாதி உண்மை. வளைவு என்பதைக் கண் இரண்டு இடங்களில் தேடுகிறது: உள்ளே வெளிச்சம் மாறும் விதத்தில், வெளியே உருவத்தின் ஓரக்கோட்டில். முதலாவதை நார்மல் கவனித்துக்கொள்ளும். இரண்டாவதுக்கு அது எதுவும் செய்ய முடியாது. என் 1024 முக்கோணக் கெண்டியின் வயிறு கண்ணாடி மாதிரி வழவழக்க, அதே வயிற்றின் ஓரம் கோணல் மாணலாக உடைந்து நின்றது. மூக்கின் நுனியும் குமிழும் இன்னும் மோசம்.

ஓரத்துக்கு எத்தனை முக்கோணம் வேண்டும் என்று கணக்கிடலாம். நேர்மேலே கேமராவை வைத்துப் பார்க்கும் படத்தில் வயிற்றின் வட்டம் எனக்கு 300 பிக்சல் ஆரம். சுற்றிலும் 16 நேர்கோடுகளால் அதை வரைந்தால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் உண்மையான வட்டத்திலிருந்து 5.8 பிக்சல் உள்ளே விழுகிறோம். 32 ஆக்கினால் 1.4 பிக்சல், 64 ஆக்கினால் 0.36 பிக்சல். எண்ணிக்கையை இரட்டித்தால் பிழை நான்கில் ஒன்றாகிறது. அரைப் பிக்சலுக்குக் கீழே போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. கால் வட்டத்துக்கு 16 கோடுகள் என்றால் மொத்தம் 16,384 முக்கோணங்கள்.

இன்றைய கணினிக்கு அது ஒரு எண்ணிக்கையே இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சின்னக் குமிழுக்கும் பெரிய வயிற்றுக்கும் ஒரே அளவு முக்கோணங்கள் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. திரையில் துண்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதற்கேற்பப் பிரிக்கலாம் என்று மாற்றினேன். உடனே விரிசல்கள். ஒரு துண்டு தன் ஓரத்தை 5 ஆகப் பிரிக்கிறது, அடுத்த துண்டு அதே ஓரத்தை 12 ஆகப் பிரிக்கிறது. 5 கோடுகளும் 12 கோடுகளும் ஒரே வளைவின் மேல் படியாது, நடுவில் மெல்லிய பிளவு. பின்னணியைச் சாம்பலிலிருந்து அடர் ரோஜா நிறத்துக்கு மாற்றினேன். விரிசல்களெல்லாம் ஊசி ஊசியாகத் தெரிந்தன. இந்த உத்தியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், சாம்பல் பின்னணியில் நான் பாதி விரிசல்களைத் தவறவிட்டிருந்தேன்.

எத்தனையாகப் பிரிப்பது என்பதைத் துண்டு தீர்மானிக்கக் கூடாது, ஓரம் தீர்மானிக்க வேண்டும். ஒரு ஓரத்தின் வளைவு அதன் நான்கு புள்ளிகளால் மட்டுமே ஆனது. அந்த நான்கும் இரண்டு துண்டுகளுக்கும் பொது. அவற்றின் இடைவெளிகளைப் பிக்சலில் கூட்டி, எட்டால் வகுத்தால் எண்ணிக்கை. இரண்டு பக்கமும் ஒரே விடை. துண்டின் உட்பகுதியைத் தனியாகப் பிரித்து, ஓரத்துக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு வளையமாக முக்கோணங்களைத் தைத்தேன். 2010-இல் வந்த ஓப்பன்ஜிஎல் 4.0 (கிராஃபிக்ஸ் கார்டோடு நிரல்கள் பேசும் ஒரு பொது முறை) முதல் கிராஃபிக்ஸ் கார்டுகள் வெளி அளவு, உள் அளவு என்று தனித்தனியாகக் கேட்பது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகும் இரண்டே இரண்டு ரோஜாப் புள்ளிகள் மிச்சம். ஒரே ஓரத்தை ஒரு துண்டு இடமிருந்து வலமாகவும் மற்றது வலமிருந்து இடமாகவும் கணக்கிடுகிறது. தசம எண்களைக் கணினி கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறலாம். அந்த இம்மியளவு போதும் ஒரு பிக்சல் நழுவ. ஓரப் புள்ளிகளை ஒரே ஒருமுறை கணக்கிட்டு இரண்டு துண்டுகளும் அதையே பயன்படுத்தும்படி செய்தேன். தீர்ந்தது. மூன்றாவது ஞாயிறு முழுவதும் இந்த இரண்டு பிக்சல்களுக்கே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை.

காமா திருத்தத்தை, அதாவது கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரைக்கேற்ற எண்ணாக மாற்றுவதை, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள். பாதி வெளிச்சத்தை 127 என்று கோப்பில் எழுதினால் திரை அதைப் பாதியாகக் காட்டாது; திரைகள் பொதுவாகப் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது 188. இதைச் செய்வதற்கு முன் கெண்டியின் நிழல் பக்கம் அடுப்புக் கரி அப்பியது போல இருந்தது. செய்த பிறகு மட்பாண்டம் மாதிரி மென்மையாகத் தேய்ந்து இருண்டது.

நான்காவது வாரம் சும்மா பார்க்க ஆசைப்பட்டு, மேலிருந்து எடுத்த படத்தின் மேல் ஒரு சரியான வட்டத்தை வரைந்து ஒப்பிட்டேன். கெண்டி வட்டமாக இல்லை! நான்கு மூலைகளில் ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகமாக வெளியே புடைத்திருந்தது. மறுபடி என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். பிழை இல்லை. முப்படிப் பெசியே வளைவால் வட்டத்தைத் துல்லியமாக வரையவே முடியாது. நடுப் புள்ளிகளை ஆரத்தின் 0.5523 பங்கு தூரத்தில் வைத்தால் பிழை நூற்றில் 0.03-க்கும் கீழே நிற்கும். கெண்டியின் தரவில் 1.4 ஆரத்துக்கு 0.784, 2 ஆரத்துக்கு 1.12, இரண்டுமே 0.56 பங்கு. 45 பாகையில் ஆரம் எவ்வளவு என்று கணக்கிட்டால் 1.004 வருகிறது. என் 300 பிக்சலில் அது 1.2 பிக்சல், படத்தில் அளந்ததும் அதேதான். குமிழில் 0.8-க்கு 0.45 என்றிருக்கிறது, 0.56 பங்கு என்றால் 0.448 வர வேண்டும், கையால் எழுதும்போது முழுமையாக்கியிருப்பார்கள். திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தவில்லை. அந்த 0.56 சேர்ந்ததுதான் இந்தக் கெண்டி.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். பரவலாகக் கிடைக்கும் தரவில் கெண்டி அசலைவிடக் குட்டை; உயரத்தை 1.3-ஆல் குறைத்தவர் அதே யூட்டாவில் இருந்த ஜிம் பிளின். திரும்ப 1.3-ஆல் பெருக்கினால் நியூவெல் வீட்டுக் கெண்டியின் உயரம் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. முக்கோணங்களை வெட்டிய பிறகு உயரத்தை நீட்டினால் நார்மல்களைக் கூடவே நீட்டக் கூடாது, அவற்றின் உயரக் கூறை 1.3-ஆல் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் வடிவத்தோடு ஒட்டாது. கட்டுப்பாட்டுப் புள்ளிகளையே முதலில் நீட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. நார்மல் அவற்றிலிருந்துதான் பிறக்கிறது, தானாகச் சரியாக வரும். 3.15 என்ற உயரம் 4.095 ஆனது. குட்டைக் கெண்டியையும் உயரக் கெண்டியையும் ஒரே விளக்கின் கீழ்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். உயரமானதில் வயிறு நெட்டுக்குத்தாக நிற்கிறது, ஹைலைட் கோடு இன்னும் கொஞ்சம் நீண்டு தோள்பட்டை வரை ஏறியிருக்கிறது. ஓரக்கோட்டில் எங்கேயும் மூலை தெரியவில்லை.